வீட்டுக்குள் கழிவுநீர் பின்னேறினால்: நோயாளிகளும் உடனிருந்து பேணுவோரும் அறிய வேண்டியவை

2023 டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் சென்னையைக் கடந்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், கடும் காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டார். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. முந்தைய நாள் முழுவதும் ஒரு குவளை அளவுக்கும் குறைவாகவே சிறுநீர் கழித்திருந்தார். பத்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளே அருகிலுள்ள மருந்துக் கடையில் உடல்வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

மழையில் நனைந்தீர்களா என்று கேட்டோம். இல்லை என்றார். வெள்ளநீரில் நடந்தீர்களா என்று கேட்டோம். தெருவில் தண்ணீர் தேங்கவில்லை, வீட்டுக்குள்ளும் வெள்ளம் வரவில்லை என்றார். அவருடைய மனைவிதான் சற்றுத் தயங்கி, "பாத்ரூம் வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே வந்தது டாக்டர். இவர்தான் வெறுங்காலோடு நின்று வாரி ஊற்றினார்" என்றார். அந்த ஒரு வாக்கியம் நோயைக் கண்டறிய எங்களுக்குப் பேருதவியாக இருந்தது. எலிக்காய்ச்சல் என வழங்கப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய் அவருடைய சிறுநீரகங்களைத் தாக்கியிருந்தது. சில முறை டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. நலமடைந்து வீடு திரும்பினார்.

வெள்ளம் என்றால் அஞ்சும் நாம், கழிவறையிலிருந்தும் குளியலறைத் தரைத்துளையிலிருந்தும் பின்னேறி வரும் கழிவுநீரை வெறும் அருவருப்பாக மட்டுமே கருதுகிறோம். மூக்கைப் பொத்திக்கொண்டு, துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். உண்மையில், தெருவெள்ளத்தைவிட இந்நீர் நோய்க்கிருமிகள் செறிந்தது. மழைநீரால் அதிகம் நீர்த்துப் போகாதது. வீட்டில் புற்றுநோய் மருந்து எடுப்பவரோ, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவரோ, கருவுற்ற பெண்ணோ, கைக்குழந்தையோ இருந்தால் இதை மருத்துவச் சிக்கலாகவே கருத வேண்டும்.

கழிவுநீர் ஏன் மேலேறுகிறது?

பாதாளச் சாக்கடை உள்ள பகுதிகளில் வீட்டுக் கழிவுநீர், தன் எடையால் சரிந்து தெருக்குழாயை அடைந்து, அங்கிருந்து உந்து நிலையத்திற்குச் செல்கிறது. பெருமழையின்போது மாடியில் விழும் மழைநீரைப் பலரும் கழிவுநீர்க் குழாயிலேயே இணைத்து விடுகின்றனர். தெருவில் தேங்கும் நீர் வடிய வேண்டும் என்று சாக்கடை மூடியைத் திறந்து விடுவோரும் உண்டு. அக்குழாய்கள் கழிவுநீருக்காக மட்டுமே அளவிடப்பட்டவை. அவை நிரம்பியதும், அல்லது மின்தடையால் உந்து நிலையம் நின்றதும், நீர் வந்த வழியே திரும்பும். அப்போது அது தேடுவது தாழ்வான திறப்பை. அதனால்தான் தரைத்தளத்து வீடுகளே எப்போதும் முதலில் துன்புறுகின்றன. மழையே இல்லாத நாட்களிலும் குழாயில் அடைத்துக்கொண்ட துணி, சானிட்டரி நாப்கின், உறைந்த சமையல் எண்ணெய், மர வேர் ஆகியவற்றால் இதே நிலை ஏற்படலாம்.

செப்டிக் டேங்க் உள்ள புறநகர்களில் காரணம் சற்று வேறு. நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்துவிட்டால், தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்ச இயலாது. உடனே லாரியை அழைத்துத் தொட்டியை முழுவதும் காலி செய்யப் பலர் துடிக்கின்றனர். ஊறிய மண்ணில் வெறுமையான தொட்டி மிதந்தெழுந்து, குழாய் இணைப்புகள் முறியக்கூடும். தற்காலிக ஆறுதலுக்காகச் சிறிதளவு மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, மண் வடிந்தபின் முழுமையாக எடுப்பதே முறை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தரைத்தளத்தில் பொங்கி நிற்பது பெரும்பாலும் மேல்தளத்தார் குளித்த, துவைத்த, கழித்த நீரே. கீழ்வீட்டில் நீர் ஏறுவது தெரிந்த அந்த நிமிடமே எல்லாத் தளங்களிலும் குழாயையும் கழிவறையையும் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு இதற்குப் பயன்படுவதைப் போல வேறெதற்கும் பயன்படுவதில்லை என்பது என் எண்ணம்.

அந்நீரில் என்ன இருக்கிறது?

மனித மலத்தோடு வெளியேறும் அனைத்தும் இருக்கின்றன. வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் ஈ.கோலை, ஷிகெல்லா, ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ், டைஃபாய்டு கிருமி, ஊரில் பரவியிருந்தால் காலராக் கிருமி, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்கள், அமீபா, ஜியார்டியா, குடற்புழு முட்டைகள். சாக்கடைக் குழாய்களிலேயே குடியிருக்கும் எலி, பெருச்சாளி ஆகியவற்றின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா இருக்கிறது.

இவற்றுள் பெரும்பாலானவை வாய்வழியே உடலுக்குள் செல்வன. நாம் கழிவுநீரைக் குடிக்கப் போவதில்லையே என்று தோன்றலாம். ஆனால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒலிக்கும் கைப்பேசியை எடுக்கிறோம். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைக்கிறோம். நடுவில் ஒரு வாய் காப்பி குடிக்கிறோம். அதுவே போதும். நோரோ வைரஸுக்கும் ஷிகெல்லாவுக்கும் மிகச் சில கிருமிகளே நோயை உண்டாக்கப் போதுமானவை. லெப்டோஸ்பைராவுக்கு வாய்கூடத் தேவையில்லை. காலிலுள்ள வெடிப்பு, சேற்றுப்புண், நெடுநேரம் ஊறி வெளுத்த தோல், கண்ணில் தெறித்த ஒரு துளி ஆகியவற்றின் வழியே அது நுழைந்துவிடும்.

நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உணர்ச்சி மரத்த பாதத்தில் கழிவுநீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு குத்தினாலும் தெரியாது. மறுநாள் காலையில் வீக்கமும் சிவப்பும் கண்டு காய்ச்சலோடு வருவார். இத்தகைய தோலடித் திசு அழற்சி ஒரே நாளில் முழங்கால் வரை ஏறுவதைக் கண்டிருக்கிறோம். எனவே வீட்டில் நீரிழிவு உள்ளவர் எவ்வளவு திடமானவராக இருந்தாலும் துப்புரவுப் பணி அவருடையது அன்று.

ஹெப்படைட்டிஸ் ஈ பற்றியும் கூற வேண்டியது உண்டு. 1955ஆம் ஆண்டு இறுதியில் யமுனையின் போக்கு மாறியதால், தில்லியின் நஜஃப்கட் கழிவுநீர் வாய்க்கால் நீர், வஜீராபாத் குடிநீர் எடுக்கும் இடத்திற்குள் பின்னேறியது. பொறியாளர்கள் குளோரினைக் கூடுதலாகச் சேர்த்தனர். டைஃபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் பெரிதாகப் பெருகவில்லை. ஆனால் டிசம்பர் முதல் ஜனவரிக்குள் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டனர். அதற்குக் காரணம் ஹெப்படைட்டிஸ் ஈ வைரஸ் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. பொதுவாக இந்நோய் தானே சரியாகிவிடும். ஆனால் கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் உயிரிழப்பு 20 முதல் 25 விழுக்காடு வரை இருக்கக்கூடும். ஆகவே வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், முதல் வேலையாக அவரைத் தாய் வீட்டிற்கோ உறவினர் வீட்டிற்கோ அனுப்பிவிடுங்கள். வீடு காய்ந்து, குடிநீர் சரியானபின் அழைத்துக்கொள்ளலாம்.

துடைப்பத்தை எடுக்கும் முன்

முதலில் மின்சாரம். நீரில் நிற்காமல் எட்ட முடியுமானால் மட்டும் மெயின் சுவிட்சை அணையுங்கள். மீட்டர்ப் பலகைக்குச் செல்லவே ஈரத்தில் கால்வைக்க வேண்டும் என்றால் செல்லாதீர்கள். மின்வாரியத்தை அழைத்துத் தெருவிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தரையோடு ஒட்டிய பிளக் பாயின்ட், குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின் ஆகியவை நீரில் நின்றிருந்தால், மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை அவற்றை இயக்கக் கூடாது.

அடுத்து, மோட்டார். இதைப் பலரும் மறக்கின்றனர். இதனால் விளையும் கேடு மிகப் பெரியது. நம் வீடுகளில் தரைக்கடியில் சம்ப் இருக்கிறது. அதன் மூடி பெரும்பாலும் தரைமட்டத்திலேயே, சில வீடுகளில் கழிவுநீர் சேம்பருக்கு நான்கடித் தொலைவிலேயே இருக்கும். கழிவுநீர் அதற்குள் இறங்கியிருக்கலாம். மோட்டார் தானியங்கியாக ஓடினால், அந்நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, ஒரு மணி நேரத்தில் எல்லா வீட்டுக் குழாய்களிலும் வந்துவிடும். தரைத்தளத்தில் ஒரு குடும்பத்தின் தொல்லையாக இருந்தது, நான்கு மாடிகளின் நோயாக மாறும். எனவே மோட்டாரை நிறுத்திவிட்டு, சம்ப்பைப் பார்வையிடும்வரை குழாய்நீரைப் பல் துலக்கவும் பயன்படுத்த வேண்டாம்.

சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணில் முறையிடலாம். தெருக்குழாயில் அடைப்பு நீங்காமல் வீட்டைக் கழுவுவதில் பயனில்லை. அடுத்த மழைக்கு மீண்டும் ஏறும். தரைத்துளையை மணல்மூட்டையால் அடைப்பது சிறிது நேரத்திற்கு உதவும். ஆனால் அழுத்தம் குறையாவிட்டால் நீர் அடுத்த திறப்பைத் தேடிச் செல்லும்.

குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உள்ளோர், நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்போர் ஆகியோரை அறையைவிட்டு, இயன்றால் வீட்டைவிட்டே விலக்குங்கள். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவரும், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவரும், வீட்டில் கட்டுப்போடும் ஆறாப் புண் உள்ளவரும் வேறிடம் செல்வதே நல்லது. செல்ல இடமில்லை என்றால் எங்களைத் தொலைபேசியில் கேளுங்கள். இதற்காக மருத்துவமனையை அழைப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணியில் இறங்குபவருக்கு முழங்கால் வரையுள்ள ரப்பர்க் காலணி, தடித்த ரப்பர்க் கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவை வேண்டும். காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் கையுறை அணியுங்கள். ரப்பர்க் காலணி இல்லாதவர்கள், அதை வாங்கும்வரை காத்திருப்பதே சிறந்தது. அதற்குள் கழிவுநீரால் வீட்டுக்கு வரக்கூடிய சேதத்தைவிட வெறுங்காலால் வரக்கூடிய சேதம் பெரிது.

தூய்மைப்படுத்தும் வரிசை

பிளீச்சிங் பவுடரைக் கழிவுநீரின் மீதே அள்ளித் தூவுவது நம்மிடம் வேரூன்றிய பழக்கம். தெருவோரத்தில் வெள்ளைக் கோடுபோல் தூவப்படுவதைப் பார்த்துப் பழகியதால் வந்தது. மலமும் சேறும் கலந்த நீரில் குளோரின் அவ்வழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சமிராது. ஆகையால் வரிசை முக்கியம்: நீரை அகற்றுதல், அழுக்கை அகற்றுதல், சோப்பால் தேய்த்தல், அலசுதல், அதன் பின்னரே குளோரின்.

நீரையும் கசட்டையும் வைப்பரால் தள்ளி, வாளியில் முகந்து, சாக்கடை இறங்கத் தொடங்கியபின் கழிவறையிலேயே ஊற்றுங்கள். முற்றத்திலோ மழைநீர் வடிகாலிலோ தள்ளக் கூடாது. அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்தினால் நுண்துளிகள் காற்றில் கலந்து சுவாசத்தில் சேரும், கண்ணிலும் தெறிக்கும். பிறகு சோப்புத்தூள் கரைத்த நீரால் தரையையும், நீர் நின்ற உயரத்துக்கு ஓரடி மேல் வரை சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள்.

இப்போது குளோரின் கரைசல். 10 லிட்டர் நீருக்கு 30 கிராம், அதாவது குவித்த இரண்டு மேசைக்கரண்டி அளவு, புதிய பிளீச்சிங் பவுடர் போதும். இது ஏறத்தாழ 0.1 விழுக்காட்டுக் கரைசலைத் தரும். கடைகளில் கிடைக்கும் 5 விழுக்காட்டு சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமானால், ஒரு பங்குக்கு 49 பங்கு நீர். மலம் நேரடியாகப் படிந்த கழிவறைப் பகுதிக்கு ஐந்து மடங்கு செறிவு வேண்டும்: 10 லிட்டருக்கு 150 கிராம் பவுடர், அல்லது ஒரு பங்குத் திரவத்திற்கு 9 பங்கு நீர். கரைசலை ஊற்றிய இடம் குறைந்தது 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். உடனே துடைத்துவிட்டால் பயனில்லை. பிளீச்சிங் பவுடர் காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் இழக்கும். சென்ற ஆண்டு வாங்கி, வாய் திறந்த பையில் வைத்திருந்ததை நம்ப வேண்டாம். நெடி மங்கியிருந்தால் அது சுண்ணாம்புத்தூள்தான்.

என் தாயார், ஒருமுறை எங்கள் வீட்டில் இவ்வாறு நேர்ந்தபோது, மூன்று பாட்டில் பினாயிலை ஊற்றிவிட்டு, "வாசனையே போய்விட்டது, இனிக் கிருமி இருக்காது" என்றார். பினாயிலும் நறுமணக் கிருமிநாசினித் திரவங்களும் நாற்றத்தை மறைக்கும்; சில பாக்டீரியாக்களைக் கொல்லும். நோரோ, ஹெப்படைட்டிஸ் ஏ போன்ற வைரஸ்களுக்கு அவற்றை நம்ப இயலாது. மருத்துவர் சொன்னாலும் தாயார் ஏற்றாரா என்பது வேறு விஷயம்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை துலக்கும் திரவத்தையோ, டைல்ஸ் கழுவும் ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். சன்னலை அடைத்த குளியலறையில் இரண்டு மூச்சு இழுத்தாலே நெஞ்சு இறுகி இருமல் அடங்காது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இவ்வாறு மூச்சுத்திணறலோடு வருபவர்களைக் காண்கிறோம். பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வீட்டு வேலைக்கு வருபவர்களுமே. தவறிக் கலந்துவிட்டால் அதன்மேல் நீர் ஊற்றிச் சரிசெய்ய முயலாமல், உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது?

இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, சோபாவின் பஞ்சு, கம்பளம் ஆகியவை கழிவுநீரை உறிஞ்சியிருந்தால் எறிந்துவிட வேண்டியதே. வெயிலில் நான்கு நாள் போட்டாலும் உட்புறம் காய்வதில்லை. விலையைப் பார்த்து மனம் கேட்காது என்பதை அறிவோம். அரிசி மூட்டை, பருப்பு, மளிகைப் பொட்டலங்கள், தரையில் வைத்திருந்த காய்கறி ஆகியவற்றையும் கழுவிப் பயன்படுத்தக் கூடாது. மரக்கரண்டி, காய் நறுக்கும் பலகை, குழந்தையின் பால்புட்டி நிப்பிள் ஆகியவை வேண்டாம். எவர்சில்வர்ப் பாத்திரங்களைச் சோப்பால் தேய்த்து, கொதிநீரில் அமிழ்த்தி எடுத்தால் போதும். துணிகளைத் தனியே சோப்புத்தூளும் சுடுநீரும் கொண்டு துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தலாம்.

மருந்துகளைப் பற்றி நோயாளிகளிடமிருந்து அடிக்கடி கேள்வி வருகிறது. கழிவுநீர் பட்ட இன்சுலின் குப்பி, பேனா, ஊசி, மூச்சிழுப்பான், நெபுலைசரின் முகமூடி, குளுக்கோமீட்டர் பட்டை ஆகியவற்றைத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம். மாத்திரை அட்டை நனைந்திருந்தால் அதையும் எறியுங்கள். ஆனால் மருந்தை நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, உறுப்பு மாற்றுக்குப் பின் எடுக்கும் மருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றை ஒருநாள் விட்டாலும் தீங்கு நேரலாம். மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால், அட்டை நனைந்தாலும் எங்கள் மருந்தகத்தில் அன்றே பெற்றுக்கொள்ளலாம்.

சம்ப்பும் குடிநீரும்

சம்ப்பில் கழிவுநீர் கலந்திருக்கிறது என்ற ஐயம் இருந்தாலே அதை வெறுமையாக்கி, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, நல்ல நீர் நிரப்ப வேண்டும். பின்னர் ஒவ்வொரு 1,000 லிட்டருக்கும் 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றுங்கள். மோட்டாரை ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் நெடி வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். 12 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை அப்படியே விட்டு, முழுவதையும் வடித்துவிட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டும். இந்த நீர் குடிப்பதற்கோ குளிப்பதற்கோ அன்று. ஆர்.ஓ. கருவிக்குச் செல்லும் குழாயை அதற்குள் மூடிவிடுங்கள். செறிந்த குளோரின் அதன் சவ்வைக் கெடுத்துவிடும். வடிகட்டிகளையும் மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் முடியும்வரை குடிக்கவும் சமைக்கவும் பல் துலக்கவும் கொதித்து ஆறிய நீர். குமிழியிட்டுத் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். அதில் ஹெப்படைட்டிஸ் வைரஸ்களும் அழிந்துவிடும்.

தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள்

கழிவுநீர்த் தொட்டியிலும் சேம்பரிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தேங்கியிருக்கும். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். செறிவு மிகும்போது மூக்கின் நுகர்வுத்திறன் மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் கணமே மிக ஆபத்தானது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கமும் கொடியது, மீத்தேன் தீப்பற்றும். நெடுநாள் மூடிக்கிடந்த குடிநீர்ச் சம்ப்பிலும் உயிர்க்காற்று குறைந்திருக்கக்கூடும்.

மனிதரைக் கொண்டு பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் துப்புரவு செய்விப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். இத்தகைய மரணத்திற்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பெருமழை முடிந்த மறுநாள், சில நூறு ரூபாய்க்கு ஒருவர் இறங்க முன்வருவார். அவசரத்தில் வீட்டுக்காரரும் இசைந்துவிடுவார். மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற அண்ணனோ நண்பரோ பின்னால் குதிப்பதும், ஒருவர் பின் ஒருவராக உயிரிழப்பதும் இப்படித்தான் நேர்கிறது. லாரியும் இயந்திரமும் வர இரண்டு நாள் ஆகும் என்றால் இரண்டு நாள் காத்திருங்கள். யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காமல் 101, 108 ஆகிய எண்களை அழையுங்கள்.

பணி முடிந்தபின், காய்ச்சல் வரும் முன்

முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். கால்விரல் இடுக்குகளையும் நகக்கண்களையும் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். காயம் பட்டிருந்தால் ஓடும் நல்ல நீரில் கழுவிவிட்டு அன்றே வாருங்கள். அழுக்குக் காயத்திற்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் ஒன்று தேவைப்படும்.

எலிக்காய்ச்சலைத் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை தரலாமா என்று கேட்கின்றனர். நெடுநேரம் கழிவுநீரில் நின்றவர்க்கு, அதுவும் தோலில் வெடிப்போ காயமோ இருந்தவர்க்கு, மருத்துவர் முடிவு செய்து தருவது உண்டு. எல்லோரும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடியது அன்று. கருவுற்றோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது.

நோய்கள் வெவ்வேறு காலத்தில் தலைகாட்டும். வயிற்றுப்போக்கு சில மணி நேரம் முதல் சில நாட்களுக்குள் வரும். வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொடுக்கத் தொடங்குங்கள்; நாக்கு வறண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் தொடங்கும். 30 நாள் வரை ஆகலாம். டைஃபாய்டு ஓரிரு வாரங்களில் வரும். மஞ்சள் காமாலையோ இரண்டு வாரம் முதல் எட்டு வாரம் வரை கழித்து வரும். வீடு காய்ந்து, பொங்கலும் கொண்டாடி, கழிவுநீர் வந்ததையே மறந்துவிட்ட நேரத்தில் பசியின்மையும் வாந்தியும் தொடங்கும். அப்போது அதைப் பண்டிகைப் பலகாரத்தின் வேலை என்றே எண்ணுவார்கள்.

இக்காலத்தில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் எடுக்கலாம். உடல்வலிக்கான டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே துன்புறும் சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். நாம் முதலில் கண்டவர்க்கு நேர்ந்ததும் அதுவே. எலிக்காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை முதல் நான்கைந்து நாட்களில் தெளிவாகக் காட்டாமல் போகலாம். "டெஸ்ட் எடுத்தோம், ஒன்றுமில்லை" என்று வீட்டிலிருந்துவிடாமல், காய்ச்சல் தொடர்ந்தால் மீண்டும் வாருங்கள். கண் சிவத்தல், கெண்டைக்காலைத் தொட்டாலே வலித்தல், சிறுநீர் குறைதல் அல்லது கறுத்துப் போதல், மூச்சிரைப்பு, எச்சிலில் இரத்தம், கண் மஞ்சளாதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

வரும்போது ஒன்றை மறவாமல் சொல்லுங்கள். எந்தத் தேதியில் கழிவுநீர் வீட்டுக்குள் வந்தது, யார் அதில் கால் வைத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். நோயாளி கூச்சத்தால் சொல்லாமல் விட்டுவிடலாம். உடன் வருபவர் சொல்லிவிட்டால் எங்களுக்கு இரண்டு நாள் மிச்சமாகும்.